கள்ளுக்கடைப் பள்ளிக்கூடம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. சபாபதிப் பிள்ளை புது மோட்டார் கார் வாங்கினார். நான் எழுத உட்கார்ந்தேன். ரயில்வேக்காரர்கள் வாழும் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் அவருக்கு முப்பது வீடுகள். ஒன்றில் நான் வாடகைக்கு இருக்கிறேன். (பெயரை மாற்றவேண்டும். மாற்றிவிட்டேன்.)

முதல் தொடக்கம்: "1931இல் ரப்பர் விலை விழுந்தபோது, வீரம்மாவின் வாழ்வில்..." வேண்டாம். அவளுக்கு ரப்பர் விலையைப் பற்றி என்ன தெரியும்? ரயில்வே லைனில், அந்தக் கூலிக்காரர் வரிசை வீடுகளில், கூலி குறைந்ததுதான் தெரியும்.

2

அவள் புருஷன் பக்கிரிசாமி தண்டவாள வேலைக்காரன். கூலி குறைந்ததும் கள்ளை விட்டான். மூன்று வாரமாக வீட்டில் அடி இல்லை, மீன் குழம்பு உண்டு. வீரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் வாத்தியார் கார்த்திகேசு வந்துவிட்டார்.

"அடுத்த மாசம் ரமணியை அனுப்ப வேண்டாம்மா. பள்ளிக்கூடத்த மூடப் போறாங்க."

"ஏன் வாத்தியாரையா? எம் மக நல்லாத்தானே படிக்கிறா?"

"நல்லாத்தான் படிக்கிறா. சர்க்கார் கள்ளுக்கடை லாபத்துலதான் பள்ளிக்கூடமே நடக்குது. இப்ப லைன்ல யாரும் குடிக்கிறதில்லையே."

(குறிப்பு: கள் குடிக்கிறவன் ஒவ்வொரு கோப்பைக்கும் சர்க்காருக்கு வரி கட்டுகிறான். பிள்ளையின் முப்பது வாடகைக்கு வருமான வரி கிடையாது. என் குமாஸ்தா சம்பளத்துக்கும் கிடையாது. கடைசி வாக்கியத்தை இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.)

3

வீரம்மாவைப் பிள்ளையிடம் அனுப்பிப் பார்த்தேன்.

"ஐயா, பள்ளிக்கூடத்துக்கு ஏதாச்சும் பார்த்து..."

"அது சர்க்கார் வேலைம்மா. உன் புருஷன் குடிய விட்டானாமே? நல்ல காரியம்."

பிறகு பிள்ளை மனம் இளகி...

இல்லை. நான்கு வரைவிலும் அவர் இளகவில்லை.

4

கைவசம் இரண்டு முடிவுகள். ஒன்றில் பக்கிரிசாமி நல்லவனாகவே இருக்கிறான். ரமணி பிள்ளை வீட்டில் பாத்திரம் கழுவுகிறாள். மற்றதில் ரமணி பாடம் படிக்கிறாள். அம்மாவின் உதடு கிழிந்திருக்கிறது. இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருவன் குடித்தால் பள்ளிக்கூடம் பிழைக்குமா என்று கேட்பீர்கள். லைன் பெண்கள் எல்லாரும் குழாயடியில் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை.

சம்பள நாள். வீரம்மா புருஷன் முன் பத்துக் காசை நீட்டினாள்.

"இந்தா. போய்க் குடிச்சிட்டு வா."

"என்னடி பேசுற? நான்தான் விட்டுட்டேன்ல?"

"தெரியும். போ."

அவன் காசையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடிச்சா நான் அடிப்பேன், வீரம்மா."

"அதுவும் தெரியும்."

வாங்கினானா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதமாட்டேன்.