ஒரு போல்ட்டா, ரெண்டு போல்ட்டா?

எண்பத்தெட்டில் நடந்தது இது. என் மகள் கருமாரியை ஒன்றாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார வைத்துவிட்டு, டி.சி.யைக் கிழித்து என் கையில் கொடுத்தார்கள். எழுத்து தலையில் ஏறவில்லையாம். ஏறாவிட்டால் போகிறது, நானே வீட்டில் சொல்லிக் கொடுத்துக்கொள்கிறேன் என்று அந்த வாசலிலேயே சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன். எட்டாவது வரை படித்தவள் நான், எனக்கு என்ன குறைச்சல்?

ஸ்லேட்டைப் பார்த்தாலே அவள் முகம் சுருங்கும். ஆனால் ஜன்னல் கம்பி, கட்டில் சட்டம், எதையும் விரல் வைத்து எண்ணிவிடுவாள். அதனால் அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு பொம்மைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் சமையல் சாமான் செட்டை நீட்டினார். அதைத் தள்ளிவிட்டேன். மரக்கட்டைகள் மூன்று அடுக்கிலேயே சரிந்தன. பிளாஸ்டிக் கட்டைகள் அழுத்தினால் ஒட்டின, இழுத்தால் வந்தன, யோசிக்க ஒன்றுமில்லை. கடைசியாக ஓர் அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே ஓட்டை போட்ட இரும்புப் பட்டைகள், போல்ட்டு, நட்டு, சின்ன ஸ்பேனர். மூன்று ஓட்டைப் பட்டை, ஐந்து ஓட்டைப் பட்டை, ஏழு ஓட்டைப் பட்டை. விரலால் தடவினாலே எண் தெரிந்தது.

"அது பசங்க ஆடுறதும்மா" என்றார்.

"என் பொண்ணு படிக்கிறதுக்கு" என்று வாங்கி வந்தேன்.

மூன்றே மாதத்தில் கூட்டல் வந்தது. அதற்குள் என் கணவரின் அண்ணன் கோதண்டம் நெமிலிச்சேரியிலிருந்து ஆள் மேல் ஆள் விட ஆரம்பித்தார். அவர் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பள்ளிக்கூடம் போகாத பெண் சும்மாதானே கிடக்கிறாள், வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். எட்டு வயதுப் பிள்ளை! என் கணவர் லோகநாதன் ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசிப் பழக்கமே இல்லாதவர். சரஸ்வதி பூஜைக்கு வந்து, மறுநாள் கருமாரியைக் கையோடு அழைத்துப் போவதாக அண்ணனும் தம்பியும் பேசி முடித்துவிட்டார்கள்.

பூஜையன்று புத்தகம் வைக்கும் மணையில் அந்தப் பெட்டியை வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டேன்.

"புக்கு வெக்கிற எடத்துல பொம்ம இன்னாத்துக்கு?" என்றார் கோதண்டம்.

"அதான் மாமா அவ புக்கு."

சிரித்தபடி கருமாரியைக் கூப்பிட்டார். "எங்க, சொல்லு. அஞ்சும் ஏழும் எத்தினி?"

கருமாரி யோசித்தாள். "ஒரு போல்ட்டா, ரெண்டு போல்ட்டா பெரிப்பா?"

"இன்னாது?"

"ஒரு போல்ட்டுன்னா பதினொண்ணு."

கோதண்டம் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கோ உடனே புரிந்துவிட்டது. இரண்டு பட்டைகளை ஒரு போல்ட்டால் இணைத்தால் ஓர் ஓட்டை மேல் இன்னோர் ஓட்டை உட்கார்ந்துவிடும். எண்ணினால் பதினொன்றுதான் இருக்கும். எடுத்துக் காட்டிவிடலாம் என்று பெட்டியை நோக்கிக் கையை நீட்டினேன்.

"எடு, எடு" என்றார் கோதண்டம். "பொம்மன்னா எடுத்துக் காட்டு. புக்குன்னா நாளைக்குத்தான் தொடணும். இன்னா அது, நீயே சொல்லு."

மனுஷன் நன்றாக மடக்கிவிட்டார். எடுத்தால் பிள்ளையின் மானம் இப்போதே தப்பும். ஆனால் அவள் இத்தனை நாள் படித்ததெல்லாம் விளையாட்டு என்று நானே ஒப்புக்கொண்டதாகும். நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"புக்குதான் மாமா. காலைல மறுபூஜை முடியட்டும், காட்டுறோம்."

அன்று முழுக்க அவர் அவளைப் "பதினொண்ணு" என்றே கூப்பிட்டார். கருமாரி என் முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதாள். நீ சொன்னதில் தப்பே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவக்கூட எனக்குக் கை வரவில்லை.

விஜயதசமி காலை. தெருவில் எல்லா வீட்டிலும் பிள்ளைகள் புத்தகத்தைப் பிரித்து இரண்டு வரி படித்துக்கொண்டிருந்தார்கள். நான் சூடம் காட்டி, பெட்டியை எடுத்துக் கருமாரியிடம் கொடுத்தேன்.

இரண்டு பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "போல்ட்டே இல்லன்னா பன்னெண்டு." ஒரு போல்ட்டைப் போட்டு முடுக்கினாள். "இப்ப பதினொண்ணு."

கோதண்டம் அதை வாங்கி விரலால் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பட்டை அவர் கையில் கத்தரிக்கோல் மாதிரி ஆடியது.

"ஆடாம நிக்கணும்னா ரெண்டாவது போல்ட்டு போடணும் பெரிப்பா. அப்ப பத்து."

"அட, வெளாட்டெல்லாம் போதும். பையை எடு, போலாம்" என்று எழுந்தார்.

"அண்ணே" என்றார் என் கணவர். "ஒத்த போல்ட்டு ஆடும்னு எனக்குப் புரியவே ஆறு மாசம் ஆச்சு, ஃபோர்மேன்கிட்ட திட்டு வாங்கிகினு. பொண்ணு எங்கயும் வராது."

இந்த மனிதருக்கு இப்படியும் பேச வருமா! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கருமாரிக்கு இதெல்லாம் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. "பெரிப்பா, ஒம்போது வரணும்னா எத்தினி போல்ட்டு?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்குறீங்க மாமா? கேட்டது அவ."

மெல்ல உட்கார்ந்து, பட்டைகளுக்காகக் கையை நீட்டினார். கருமாரி பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நேத்து நான் பாக்காமதான சொன்னேன்? நீங்களும் அப்டியே சொல்லுங்க."