நாலு மணி வாக்கெடுப்பு

நனைத்த பஞ்சை மேவிஸ் அப்பாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது, மேஜையிலிருந்த அவருடைய போன் மறுபடி அதிர்ந்து விளிம்பை நோக்கி நகர்ந்தது. காலையிலிருந்து கட்சி அலுவலகம் விடவில்லை.

"சக்கர நாற்காலியில வெச்சாவது கூட்டிட்டு வர முடியாதாம்மா? ஒரே ஒரு ஓட்டு."

"மத்தியானத்துலேர்ந்து கண்ணையே திறக்கலைங்க." போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அப்பா, ஆம்புரோஸ் கெல்பி, மிச்சிகனிலிருந்து வாஷிங்டனுக்குத் தேர்வான உறுப்பினர். அரசாங்கம் வாங்கக்கூடிய கடனுக்கான உச்சவரம்பை உயர்த்துவதா வேண்டாமா என்று நாலு மணிக்கு வாக்கெடுப்பு. உயர்த்தாவிட்டால் திங்கட்கிழமை முதல் ஓய்வூதியமும் ராணுவச் சம்பளமும் நின்றுபோகும். யார் முதலில் பயந்து இறங்கி வருவது என்று இரண்டு கட்சிகளும் மூன்று வாரமாகக் காத்திருந்தன. அப்பா போகாவிட்டால் இரு பக்கமும் சமம். சமமானால் மசோதா தோற்றுவிடும்.

அதைச் சரிக்கட்டத்தான் ஹோரஸ் டில்மனை அப்பா காலையில் வரவழைத்திருந்தார். எதிர்க்கட்சிக்காரர், உயர்த்தக்கூடாது என்று ஓட்டுப் போட இருந்தவர். பத்தொன்பது வருடமாக அவையில் அப்பாவை வறுத்தெடுத்தவர். வியாழன்தோறும் அவரோடு ஒரே மேஜையில் நண்டு உடைத்துத் தின்றவர்.

"யோவ் டில்மன், என்னால வர முடியல. நீயும் போகாத. சரிக்குச் சரி."

"எங்காளுங்க என் தோலை உரிச்சிடுவாங்க, ஆம்புரோஸ்."

"இருக்கிற தோல் மட்டும் ரொம்ப அழகாக்கும்?"

டில்மன் சிரித்தார். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு மூச்சு இருக்கிற வரைக்கும் இங்கேயிருந்து நகர மாட்டேன்," என்றார். அப்போதிலிருந்து வெளியே மருத்துவமனை நடையில் உலாத்திக்கொண்டிருந்தார். அவருடைய காலணிச் சத்தம் கதவருகே வருவதும் தேய்வதுமாக இருந்தது.

மூன்று நாற்பதுக்கு அப்பா நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். அடுத்ததற்காக மேவிஸ் காத்திருந்தாள். வரவில்லை.

கருவிகளை நேற்றே கழற்றிவிட்டிருந்தார்கள், எதுவும் ஒலிக்கவில்லை. அழைப்பு மணியின் மேல் போன அவள் விரல் அப்படியே நின்றது. அவைக்குக் காரில் பத்து நிமிடம்தான்; கொடுத்த சொல் இதோடு முடிந்தது என்று டில்மன் கிளம்பினால் நேரத்துக்குப் போய்விடுவார். பெற்ற தகப்பன் போய்விட்டார், நாம் கடிகாரத்தைப் பார்க்கிறோமே என்று கூசியது. ஆனாலும் விரலை எடுத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. டில்மனின் கையில் போன் துடித்துக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கான்?"

"தூங்கறார், அங்கிள்." குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

டில்மன் கட்டிலருகே வந்தார். அப்பாவின் மார்பில் போர்வை அசையாமல் கிடந்தது. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மேவிஸ் தரையைப் பார்த்தாள்.

"ஆமா," என்றார் கடைசியில். "நல்லாத்தான் தூங்கறான்."

போனை அணைத்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

ஒலியடக்கிய டிவியில் எண்கள் ஒன்றையொன்று துரத்தின. நாலு பதினேழுக்கு ஒரே ஓட்டு வித்தியாசத்தில் மசோதா நிறைவேறியது. திரையில் சிலர் கட்டிக்கொண்டார்கள். சிலர் டில்மன் வழக்கமாக உட்காரும் இருக்கை காலியாக இருப்பதைக் காட்டிக் கத்தினார்கள்.

மேவிஸ் மணியை அழுத்தினாள்.

நர்ஸ் வருகிற சத்தம் கேட்டதும் டில்மன் எழுந்தார். அப்பாவின் இடது காலுறை குதிகாலுக்குக் கீழே நழுவியிருந்தது. குனிந்து, இரண்டு கையாலும் அதை மெதுவாக மேலே இழுத்துவிட்டார்.