மேஸ்திரி எழுதிய 2,47,319

பொத்தான் கம்பெனியில் மேஸ்திரி நோட்டை மேஜைமேல் ஓங்கிப் போட்ட சத்தத்தில், பேக்கிங் பெண்கள் அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டார்கள்.

“இந்த மாசம் மெஷின்லேருந்து வெளிய போனது 2,47,319. பேக்கிங்ல வந்து சேர்ந்தது 2,46,960. நடுவுல வண்டி தள்றது யாரு? இந்தக் கள்ளிதானே!”

கள்ளி என்றது, பேக்கிங்கில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவளின் தங்கச்சியை. முதலாளி கண்ணாடியைத் துடைத்தபடியே, “நாளையிலேருந்து வரவேண்டாம்னு சொல்லிடு” என்றார். அந்தப் பெண்ணுக்குப் பேச்சுக்கு முன்னால் அழுகை வந்துவிடும்.

அக்காவுக்கோ உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருஷமாகப் பேக்கிங்கில் எண்ணி எண்ணியே காலம் தள்ளுகிறவள். ஒரு எண்ணைப் பார்த்தாலே எதால் வகுபடும், எதால் படாது என்று சொல்லிவிடுவாள்.

“முதலாளி, ஒரு தட்டுல எத்தனை குழி?”

“முப்பத்தாறு.”

“ஒரு பொத்தான் உடைஞ்சாலும் முழுத் தட்டும் திரும்ப உருக்கத்தானே போகுது? அப்ப முப்பத்தாறு முப்பத்தாறாத்தான் வெளிய போகும். ஒத்தப்படையில எப்படி முடியும்? மிச்சத்தை மேஸ்திரி தன் சட்டையிலேருந்து பிச்சுப் போட்டாரா?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேஸ்திரி என்ன லேசுப்பட்ட ஆளா? கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்துப் பத்தொன்பதை இருபதாக்கினான்.

“ஒண்ணு கை தவறிடுச்சு முதலாளி. 2,47,320. முப்பத்தாறால வகுத்தா சரியா 6,870 தட்டு. பேக்கிங்குக்கு வந்தது 6,860. ஆக, பத்துத் தட்டு திருட்டு. இவ அக்காவே கணக்குப் போட்டுக் குடுத்துட்டா!”

முதலாளி தலையாட்டினார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட கதையாகிவிட்டது.

“வேண்டாம்க்கா, வா, போயிடலாம்” என்று தங்கச்சி கையைப் பிடித்து இழுத்தாள்.

போவதா? போன மாதம் ஆறு தட்டோடு வண்டியை நகர்த்திவிட்டாள் என்று இதே மேஸ்திரி தங்கச்சியை இதே இடத்தில் அரை நாள் நிற்க வைத்தான். ஏழு தட்டு நிறையாமல் வண்டி நகரக்கூடாது என்பது அவன் போட்ட சட்டம். அவன் கையெழுத்திலேயே சுவரில் ஒட்டியிருக்கிறது.

அக்கா அந்தக் காகிதத்தைச் சர்ரென்று கிழித்து வந்து மேஜைமேல் வைத்தாள்.

“மேஸ்திரி சொன்ன 6,870 தட்டை ஏழால வகுங்க, முதலாளி.”

வகுத்தார். 981 வண்டி போக மூன்று தட்டு மிஞ்சியது.

“அந்த மூணும் எந்த வண்டியில போச்சு? பறந்து போச்சா? இப்ப நான் எண்ணின 6,860-ஐ வகுங்க. அச்சு அசலா 980 வண்டி. மெஷின் பக்கமே எட்டிப் பாக்காம, வாய்க்கு வந்த எண்ணை எழுதிட்டு, பழியைச் சின்னப் பொண்ணு தலையில கட்டறாரே, பாவி!”

மேஸ்திரியின் கை மறுபடியும் பேனாவைத் தேடியது. முதலாளி நோட்டை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சரிம்மா, சரி. ரெண்டு பேரும் போய் வேலையைப் பாருங்க.”

“எங்க போறது? கள்ளின்னு அத்தனை பேர் முன்னாடி கத்தினாருல்ல? இல்லைன்னும் அதே சத்தத்துல கத்தட்டும். அப்புறம் போறோம்.”

பெண்கள் யாரும் பொத்தானைத் தொடவில்லை. தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேஸ்திரிக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.