மூன்றாவது ஹெலிகொப்டர்

2007ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் சுந்தரலிங்கத்தின் மனதில் ஓடிக்கொண்டிருந்தது ஒரே யோசனைதான்: எந்த ஹெலிகொப்டரை எடுப்பது?

அவன் மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலையில், மோட்டர்களுக்குச் செப்புக் கம்பியில் கொயில் சுற்றுகிறவன். எரிந்துபோன தண்ணீர்ப் பம்புகளும் மாவு மில்லின் மோட்டர்களும் அவனிடம்தான் வரும். பெரிய வீதியோரம் முன்னறையில் கடை, பின்னால் இரண்டு அறைகளில் வீடு. மனைவி கமலாட்சி பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. இருவருமே தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தோட்டத்தை விட்டு வெளியே வந்து தங்கள் பெயரில் ஒரு வாடகை வீடு எடுத்ததே அவர்களுக்குப் பெரிய காரியமாக இருந்தது.

மாத்தளை டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஸக்கரியா அவனுடைய கூட்டாளி. கடையின் ஜெனரேட்டரைத் திருத்திக் கொடுத்ததற்காக ஸக்கரியா ஒரு பழைய கம்ப்யூட்டரை அவனுக்குத் தந்திருந்தான். அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. விமானங்களில் சுந்தரலிங்கத்துக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. அதே விளையாட்டில் இருந்த ஹெலிகொப்டர்தான் அவனைப் பிடித்துக்கொண்டது. ஓடாமல், ஒன்றிலும் சாயாமல், தன் மோட்டரின் பலத்தில் மட்டும் அந்தரத்தில் நிற்கிற ஒரு மெஷின். வாழ்நாள் முழுக்க மோட்டரைத் தொட்டுக்கொண்டிருந்தவனுக்கு அதை எப்படிச் சும்மா விட முடியும்?

விளையாட்டோடு வந்த ஹெலிகொப்டர் வெறும் பொம்மை என்பது சில வாரங்களிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. வெளிநாட்டு ஆட்கள் வேறு ஹெலிகொப்டர்களைச் செய்து இணையத்தில் போடுகிறார்கள், அவற்றை விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று ஸக்கரியா சொன்னான். இரண்டை இறக்கி டிஸ்க்கில் போட்டுக்கொண்டு பௌர்ணமிப் போயா விடுமுறை நாள் ஒன்றில் பலாபத்வலைக்கு வந்தான்.

முதலில் போட்டது பார்க்க அவ்வளவு அழகு. கண்ணாடியில் வெயில் பட்டு மின்னியது, உடம்பில் ஒவ்வொரு ஆணியும் தெரிந்தது. ஒரு பொத்தானை அமத்தினால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். அடுத்தது நிறமும் இல்லாமல் லட்சணமும் இல்லாமல் இருந்தது. அதை ஸ்டார்ட் பண்ணுவதே ஒரு பாடு. எஞ்சின் போதிய வேகம் எடுப்பதற்குள் எண்ணெயைத் திறந்தால் சூடேறி எஞ்சின் எரிந்துபோகும். மேலே தூக்கினால் மூக்கு வலப்பக்கம் சுழலும். இடது காலால் அமத்திப் பிடிக்கவேண்டும். நேராக வேகமாய் இறங்கினால் தன் காற்றிலேயே தான் மாட்டிக்கொண்டு கல் மாதிரி விழும். அன்று மாலை வரை இருவரும் மாறி மாறி விழுந்தார்கள்.

"மச்சான், முதல்ல போட்டத எடு," என்றான் ஸக்கரியா. "பாக்க எவ்வளவு சோக்கா ஈக்கிது."

"சோக்காத்தான் இருக்கு. ஆனா நான் என்ன பிழை செஞ்சாலும் விழாம அதுவே புடிச்சிக்கிது. விழாத ஹெலியில என்ன இருக்கு? எனக்கு நெசமானதுதான் வேணும்."

அப்படியே விளையாட்டின் பொம்மையையும் அந்த அழகியையும் ஒதுக்கிவிட்டு மூன்றாவதை எடுத்துக்கொண்டான்.

மூன்றாவதை ஓட்ட ஜொய்ஸ்டிக் மட்டும் போதவில்லை. கழித்துப்போட்ட வேன் ஒன்றின் ஹேண்ட்பிரேக்கைக் கழற்றி வந்து, பழைய ரேடியோவின் வொலியூம் குமிழை அதன் அடியில் பொருத்தி, இடது கைக்கு ஒரு நெம்புகோல் செய்தான். பலகையிலும் கதவுக் கீலிலும் கால் மிதிகள் செய்தான். பாடசாலை விட்டு வந்த பிறகு கமலாட்சி பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்டார்ட் பண்ணும் ஒழுங்கை ஆங்கிலத்தில் வாசிப்பாள். அவன் ஒவ்வொன்றாகச் செய்து மறுமொழி சொல்வான். எரிந்துபோனால் அவள் சிரிப்பாள். தைப்பொங்கல் கழிந்த சில நாட்களில் அவன் ஹெலிகொப்டரைத் தரைக்கு மேலே ஆடாமல் நிறுத்தினான். அவள் கைதட்டினாள். அன்றிலிருந்து கடைக்கு வருகிற எல்லோரிடமும் அவன் ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்: இது நெசமான ஹெலி மாதிரியே ஓடும்.

பெப்ரவரியில் தம்புள்ளையில் பஸ் ஒன்றில் குண்டு வெடித்தது. பிறகு மாவட்டம் முழுக்க இராணுவமும் பொலிஸும் தேடுதல் நடத்தின. லயங்களிலும் வாடகை வீடுகளிலும் தமிழர்களைத் தனியாக நிறுத்தி அடையாள அட்டை பார்த்தார்கள். பலாபத்வலைக்கு ஒரு காலையில் வந்தார்கள்.

சுந்தரலிங்கத்தின் கடையில் செப்புக் கம்பிச் சுருள்களைக் கண்டதுமே அவர்கள் முகம் மாறிவிட்டது. கொயில் சுற்றுகிறவன் என்று பக்கத்துக் கடைக்காரர் சிங்களத்தில் விளக்கியதும் அது அடங்கியது. பிறகு பின்னறையில் நெம்புகோலையும் மிதிகளையும் பார்த்தார்கள். இது என்ன என்று அதிகாரி கேட்டான்.

"கேம், சேர். சும்மா கேம்," என்று கமலாட்சி முந்திக்கொண்டு சிங்களத்தில் சொன்னாள்.

சுந்தரலிங்கத்துக்கு அந்த 'சும்மா' பொறுக்கவில்லை. அல்லது, அத்தனை பேரிடமும் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போனதுதான் வந்ததோ என்னவோ. "சும்மா கேம் இல்ல சேர். நெசமான ஹெலி எப்படி ஓடுமோ, அப்படியே ஓடும்," என்றான்.

கமலாட்சி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. முந்திய வருஷம் புலிகளின் சின்ன விமானங்கள் கொழும்புப் பக்கம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போயிருந்தன. அதன் பிறகு நாட்டில் வானத்தைப் பார்த்துப் பயப்படாத ஆள் இல்லை. அதிகாரி வெளியே நின்ற ஆட்களைக் கூப்பிட்டான். கம்ப்யூட்டர், நெம்புகோல், மிதிகள், சுந்தரலிங்கம் எல்லாவற்றையும் ஒரே ட்ரக்கில் ஏற்றினார்கள்.

அவனை மலைக்கு அப்பால் ஒரு முகாமில் வைத்தார்கள். முதல் வாரங்களில் உள்ளங்கால்களில் அடித்தார்கள். யார் அனுப்பியது, யாரிடம் பழகினாய், எந்த முகாமைப் பார்த்து வைத்திருக்கிறாய் என்று கேட்டார்கள். விளையாட்டு என்று திரும்பத் திரும்பச் சொன்னான். விளையாட்டு இல்லை என்று நீதானே சொன்னாய் என்றார்கள்.

கமலாட்சி கண்டியில் ஒரு பெண் சட்டத்தரணியைப் பிடித்து, அலைந்து திரிந்து, அவனைப் பார்க்க அனுமதி வாங்கினாள். விமானப்படையில் இருந்து ஒரு விமானி வந்து கம்ப்யூட்டரைச் சோதிக்கப்போகிறார், சுந்தரலிங்கத்தையும் ஓட்டச் சொல்வார் என்று சட்டத்தரணிக்குத் தெரிந்திருந்தது. காவலுக்கு நின்றவனுக்குத் தமிழ் தெரியாது. கமலாட்சி வீட்டு விஷயம் பேசுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஓட்டச் சொன்னாங்கன்னா விழுந்துருங்க. மேல எழும்பவே தெரியாத மாதிரி விழுந்துருங்க."

அவன் தலையாட்டினான்.

விமானி நாற்பது வயது தாண்டியவர், அதட்டிப் பேசாத ஆள். முகாமின் ஒரு அறையில் கம்ப்யூட்டரை மேசையில் வைத்து, மிதிகளைக் கீழே வைத்திருந்தார்கள். முதலில் அவரே உட்கார்ந்தார். எஞ்சினைச் சரியாக ஸ்டார்ட் பண்ணினார். சூடு காட்டும் முள் ஏறி இறங்கியபோது புருவத்தை உயர்த்தினார். மேலே எழுப்பி, கொஞ்சம் ஆடி, இறக்கினார். பிறகு எழுந்து சுந்தரலிங்கத்தை உட்காரச் சொன்னார்.

சுந்தரலிங்கம் எண்ணெயை முன்கூட்டியே திறந்தான். முள் சிவப்பைத் தாண்டியது. எஞ்சின் எரிந்துபோனது. மறுபடி என்றார் விமானி.

இரண்டாம் தடவையும் எரித்தால் சந்தேகம் வரும் என்று நினைத்தான். ஒழுங்காக ஸ்டார்ட் பண்ணினான். தூக்கியதும் சுழலவிட்டு விழுத்திவிடலாம் என்பது அவன் கணக்கு. நெம்புகோலைத் தூக்கினான். மூக்கு வலப்பக்கம் திரும்பியது. விடு, விடு என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். ஆனால் அடி வாங்கி வீங்கியிருந்த இடது கால் தானாகவே மிதியை அமத்தியது. கையும் அதனோடு சேர்ந்துகொண்டது. ஹெலிகொப்டர் தரைக்கு மேலே ஆடாமல் நின்றது. அவன் திடுக்கிட்டு ஜொய்ஸ்டிக்கை முன்னால் தள்ளி அதை நிலத்தில் மோதினான். அதற்குள் பார்க்க வேண்டியவர் பார்த்துவிட்டார்.

"முதல் தடவை வேணுமென்றே எரித்தாய்," என்றார் விமானி சிங்களத்தில். "முள்ளைப் பார்த்துக்கொண்டே எரித்தாய். யார் சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் இல்ல சேர். விழுந்து விழுந்துதான் பழகினேன்."

அவர் திரையை அணைத்தார். நீ புலி என்று நான் நினைக்கவில்லை என்றார். பிறகு சொன்னார்: "ஆனால் இதில் பழகினவனுக்கு உண்மையான மெஷினை ஸ்டார்ட் பண்ணத் தெரியும். என்னிடம் கேட்டிருப்பது அதுதான். நான் பொய் எழுத முடியாது."

அவர் எழுதியதற்குப் பிறகு கேள்விகள் மாறின. இப்போது அவர்கள் அவனை நம்பினார்கள். அவன் ஹெலிகொப்டர் ஓட்டத் தெரிந்தவன் என்பதை நம்பினார்கள். ஸக்கரியா கொடுத்த வாக்குமூலத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினார்கள். லேசானதை எடுக்கும்படிதான் நான் சொன்னேன், உண்மையானதுதான் வேண்டும் என்று அவன்தான் பிடிவாதம் பிடித்தான் என்று அதில் இருந்தது. ஏன் உண்மையானது வேண்டும் என்று கேட்டார்கள். அதற்கு அவன் சொன்ன பதில் எதுவும் அவர்களுக்குப் போதவில்லை. கைகளைப் பின்னால் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டார்கள். இறக்கியபோது வலது கையின் விரல்களில் உணர்ச்சி இல்லை. பிறகு வந்துவிடும் என்று நினைத்தான். வரவில்லை.

கொஞ்ச நாளில் அவனைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு மாற்றினார்கள். வழக்கு எதுவும் போடவில்லை. வீட்டுக்காரர் கமலாட்சியிடம், உங்கள் மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை, ஆனால் எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லி வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அவள் தோட்டத்துக்கே திரும்பி, அம்மாவின் லயக் காம்பராவில் ஒரு பக்கத்தில் இருந்துகொண்டு பாடசாலைக்குப் போனாள். சில தாய்மார் பிள்ளைகளை வேறு வகுப்புக்கு மாற்றினார்கள். அனுமதி கிடைக்கிற போதெல்லாம் பஸ் மாறி மாறித் தெற்கே போய், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவனைப் பார்த்துவிட்டு வந்தாள். அவன் ஏன் விழவில்லை என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. அவனே ஒருதடவை சொல்லத் தொடங்கினான். வேண்டாம் என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. மாத்தளையில் வெடி கொளுத்தினார்கள், பால்சோறு பகிர்ந்தார்கள். சுந்தரலிங்கத்தை அந்த வருஷக் கடைசியில் விட்டார்கள். இவன் மேல் குற்றச்சாட்டு இல்லை என்று ஒரு வரி சொல்லி அனுப்பினார்கள்.

வந்தவன் முதலில் செய்தது மோட்டர் ஒன்றைத் தேடிப்பிடித்ததுதான். மாவு மில்காரர் இரக்கப்பட்டு ஒன்றைக் கொடுத்தார். செப்புக் கம்பியின் இறுக்கத்தை விரல்தான் அறியவேண்டும். அவன் விரல்களுக்கு அது தெரியவில்லை. கமலாட்சி பாடசாலை விடுமுறையில் பக்கத்தில் இருந்து அவன் சொல்லச் சொல்லச் சுற்றினாள். மிகவும் கவனமாகத்தான் சுற்றினாள். ஆனால் மில்லில் ஓடத் தொடங்கிய சில நாட்களிலேயே அது எரிந்துபோனது. மில்காரர் கோபப்படவில்லை. அடுத்த மோட்டரை மாத்தளைக்கு அனுப்பினார். சுந்தரலிங்கம் தோட்டத்து மிளகுக் களத்தில், காயப்போட்ட மிளகுக்குக் காவல் இருக்கும் வேலையை எடுத்துக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸக்கரியா லயத்துக்கு வந்தான். கடையை மூடிவிட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னான். பொலிஸ் திரும்பத் திரும்ப வந்ததில் கடைக்கு யாரும் வருவதில்லையாம். ஸக்கரியா வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"என்கிட்ட கேட்டாங்க மச்சான், யாரு இத எடுத்ததுன்னு. நான் நடந்ததத்தான் சென்னேன். ஒண்டும் கூட்டிச் செல்லல்ல."

"தெரியும். வாசிச்சுக் காட்டினாங்க. அதுல ஒரு சொல்லுகூடப் பொய் இல்ல."

உள்ளே அடுப்படியில் இருந்த கமலாட்சி வெளியே வரவில்லை. அங்கிருந்தே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"ஒரு பொய் சொல்லியிருக்கலாமே, ஸக்கரியா நானா."

ஸக்கரியா தலையைக் குனிந்துகொண்டான். பிறகு எழுந்து, போய்ட்டு வாறேன் என்றான். சுந்தரலிங்கமும் எழுந்தான். தேயிலைக்கு நடுவே போகிற குறுக்குப் பாதை மழையில் அரித்துப் போயிருந்ததால் ரோட்டு வரைக்கும் கூடவே நடந்தான். பஸ் வந்ததும் ஸக்கரியா கையை நீட்டினான். சுந்தரலிங்கம் வலது கையைத்தான் கொடுத்தான். ஸக்கரியா அதை எவ்வளவு இறுக்கிப் பிடித்தான் என்பது அவனுக்குத் தெரியவில்லை.