எந்தத் தெற்கு

...இரண்டு கட்டைவிரல், அதில் ஒன்று சிவப்பு, வேறு யாராவது பின்னியிருக்கக் கூடாதா, இந்த நாட்டிலேயே சாம்பல் நூல் பாதியில் தீர்ந்துபோனவள் அவள் ஒருத்திதானா என்ன, என்று ஸ்டெய்ன்வோர் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்று தனக்குத்தானே வழக்காடிக்கொண்டிருந்தாள், ஆனால் கோட்டுப் பைக்குள் விரல்கள் அந்தச் சிவப்பு வரிசையைத் தாமாகவே பின்னிக்கொண்டிருந்தன. 'கம்பளிக் கையுறை. சென்ற கோடையில் பனியாற்றின் கீழ்முனையான தெற்கு நாக்கு உருகிய இடத்தில் கிடைத்தது. உடையவர் தெரியவில்லை.' உடையவர் தெரியவில்லையாம்... அவள் பிறந்த ஊரில் எல்லோரும் மீன்பிடிக்காரர்கள், கயிறு இழுத்து உள்ளங்கை தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ள வசதியாக ஒரு கையுறைக்கு இரண்டு கட்டைவிரல் வைப்பார்கள், ஆடு மேய்க்கிற புருஷன் தோர்கில்ஸுக்கும் அப்படியே பின்னிக் கொடுத்தாள். "எனக்கு மொத்தம் எத்தனை விரல்னு நெனச்சுக் கட்டிக்கிட்டே?" என்று கேலி பண்ணினான், பண்ணிவிட்டு வேறு கையுறையே போடவில்லை, பாவி.

"அம்மா, இங்கயே குடியிருக்கப் போறியா? உள்ள வடக்கு வெளிச்சம் ஆரம்பிச்சாச்சு" என்று ஹுக்ரூன் ஏழு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து கையைப் பிடித்தாள். "வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு அதைப் பாக்கக் கூடாதுடி, பிள்ளைக்கு மாறுகண் வரும்." "இது கூரையில ஓட்டுற படம்மா, வந்தா ஒரு கண்ணுதான் மாறும், வா." சிரிக்கிறாள், அவனுடைய சிரிப்பு, மேலுதடு ஒரு பக்கம் ஏறுகிற அதே சிரிப்பு. கூரை முழுக்க வடதுருவ வானத்தின் பச்சை ஒளித்திரை ஆடியது, தரைக்கடியில் ஒலிபெருக்கி வைத்துப் பனியாறு முனகுவதைக் கேட்க விட்டிருந்தார்கள், எதற்கு இதையெல்லாம் பதிவு பண்ணுகிறார்கள், யார் கேட்டது... அவன் போன அன்றைக்குக் காலையில் சண்டை. இந்தப் பனிக்கு நடுவில் பிள்ளை பெற்றுக்கொள்ள மாட்டேன், என்னைக் கொண்டுபோய் என் ஊரில் விடு என்று வாய்க்கு வந்தபடி பேசினாள், அவன் வாசலில் நின்று கையுறையை மாட்டினான், "தெற்கே போறேன்" என்றான், அவ்வளவுதான்.

அவள் ஊரில் தெற்கு என்றால் தலைநகர். காந்த ஊசி மேற்கே காட்டினாலும் தலைநகருக்குப் போகிறவன் தெற்கே போகிறவன்தான், அதில் குழப்பமே கிடையாது. விட்டுட்டுப் போறான், போகட்டும், யாருக்கு வேணும் என்று வீம்பு பிடித்து இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவன் அண்ணன் வந்து எங்கே என்று கேட்டபோது, "தலைநகருக்குப் போயிட்டாரு" என்றாள். அவன் சொன்ன சொல்லைச் சொல்லவில்லை, தான் புரிந்துகொண்டதைச் சொன்னாள். பேருந்து நிலையம், துறைமுகம், ஆஸ்பத்திரி என்று தேடினார்கள், கடைசியில் கப்பலேறிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. பிறந்த பெண்ணுக்கு அப்பன் பெயரைக்கூட ஒட்டவில்லை, பள்ளிக்கூடத்திலும் பாஸ்போர்ட்டிலும் அவள் ஸ்டெய்ன்வோரின் மகள் ஹுக்ரூன்தான், தோர்கில்ஸின் மகள் இல்லை. விட்டுட்டுப் போனவன் பேர் எதுக்கு?

வெளியே வந்தால் மறுபடி அதே கண்ணாடிப் பெட்டி. பக்கத்தில் பனியாற்றின் மாதிரியை ஒரு மேசைமேல் செய்து திருகு வைத்திருந்தார்கள், வருஷத்தைப் பின்னால் திருப்பினால் ஒரு வெளிச்சப் புள்ளி, கிடைத்த பொருள் பனியோடு நகர்ந்து வந்த வழியே திரும்ப மேலே ஏறும். "என் வயசுக்குத் திருப்பிப் பாக்கறேன்" என்று ஹுக்ரூன் திருகினாள், முப்பது, இன்னும் ஒரு சுற்று, புள்ளி நாக்கைவிட்டு ஏறி ஏறிப் போய், பழைய பண்ணையின் அடுப்படி ஜன்னலில் நின்றால் தெரிகிற பனி மேட்டில் அசையாமல் நின்றது. அரைமணி நடை. அவ்வளவு கிட்டே...

"அம்மா, இது நம்ம பழைய பண்ணைக்கு மேல இல்ல?" ஹுக்ரூன் கையுறையைப் பார்த்தாள், பிறகு தன் கழுத்தில் தொங்கிய, அம்மா பின்னிய கையுறைகளைத் தூக்கிப் பார்த்தாள், இரண்டு இரண்டு கட்டைவிரல். சிரிப்பு இறங்கிவிட்டது. "அப்பா போறப்ப என்னதாம்மா சொன்னாரு? உள்ளத சொல்லு."

"தெற்கே போறேன்னாரு."

"எந்தத் தெற்கு?"

முப்பத்தொரு வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை, கேட்கிற மாதிரி அவள் விட்டுவைக்கவில்லை. தலைநகர்தான், வேறென்ன, அவன் பண்ணைப் பேச்சு எனக்கெப்படித் தெரியும், கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லையே... ஆனால் அந்த இலையுதிர் காலம் முழுக்க அவன் அடுப்படிக்குள் தலையை நீட்டி, "ஆடு தெற்கே ஏறிடுச்சு பாத்தியா?" என்று கேட்கும்போதெல்லாம் அவள் மாவுக்கையால் ஜன்னலுக்கு வெளியே காட்டியிருக்கிறாள், பனியைத்தான் காட்டியிருக்கிறாள், ஒரு தடவைகூடத் தப்பாகக் காட்டவில்லை.