ஸ்மிதாவின் இனிப்புக் கோலா

செகந்திராபாத் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் யார் வீட்டு விசேஷம் என்றாலும், பத்திரிகை அச்சாகி வருவதற்கு முன்பே ஜெஸ்ஸிக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். "கோலா உருண்டை உங்க பொறுப்பு" என்பார்கள். ஞானஸ்நானமோ, பணி ஓய்வு விருந்தோ, எதுவானாலும் சரி. கொத்துக்கறியைத் தண்ணீர் சுண்ட வதக்கி, பொட்டுக்கடலையும் சோம்பும் கசகசாவும் தேங்காயும் சேர்த்து அரைத்து, நெல்லிக்காய் அளவில் உருட்டி அவள் எண்ணெயில் போட்டால் ஒன்றுகூட உடையாது. அவள் கணவன் டேனியல் லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரீஷியன். அங்கே பாதிப் பேருக்கு அவன் 'கோலா வீட்டுக்காரர்'தான். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பெருமையில் பங்கு கேட்டு யாரும் வந்ததில்லை.

2006 கிறிஸ்துமஸுக்கு ஸ்மிதா வந்தாள்.

ஸ்மிதா, டேனியலின் தம்பி எட்வினின் மனைவி. பட்டான்செருவில் மருந்துக் கம்பெனி ஷிப்ட் தொழிலாளி ஒருவரின் மகள். கல்யாணமான மாதமே எட்வினோடு அமெரிக்கா போனவள், நாலு வருஷம் ஓஹையோவில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். கொண்டாப்பூரில் பிளாட். எட்வினுக்கு ஹைடெக் சிட்டியில் வேலை. கிறிஸ்துமஸ் அன்று காரிலிருந்து இறங்கும்போது அவள் இரண்டு கையாலும் ஒரு பெரிய மின்சாரச் சட்டியை அணைத்துக்கொண்டு வந்தாள். பின்னால் எட்வின் ஓர் இரும்புப் பெட்டியைத் தூக்கமுடியாமல் தூக்கி வந்தான்.

"ஸ்லோ குக்கர் அக்கா" என்றாள். "காலையில போட்டா மத்தியானம் வரைக்கும் தானா வேகும். மீட்பால்ஸ் செஞ்சிருக்கேன்."

அந்த இரும்புப் பெட்டி எதற்கு என்று ஜெஸ்ஸி கேட்டாள். டேனியல் உற்சாகமாகிவிட்டான். அமெரிக்கச் சாமான் நூற்றுப்பத்து வோல்ட்தான் தாங்கும், நம் வீட்டில் வருவது இருநூற்றுமுப்பது, இந்தப் பெட்டி அதைப் பாதியாக்கிக் கொடுக்கும், பெட்டி இல்லாமல் சுவரில் செருகினால் சட்டி எரிந்துபோகும் என்று விளக்கினான். ஜெஸ்ஸி காதில் வாங்கிக்கொண்டாள்.

சட்டியின் மூடியைத் திறந்தபோது ஹாலில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் வந்து மொய்த்தார்கள். பழ ஜாமும் தக்காளி சாஸும் மிளகாயும் சேர்ந்த ஒரு செக்கச்செவேல் குழம்பில் பளபளவென்று உருண்டைகள் மிதந்தன. இனிப்பும் புளிப்புமாக ஒரு வாசனை. பல்குத்தும் குச்சியால் குத்தி எடுத்துக்கொண்டு ஓடினார்கள். "சித்தி, இன்னொண்ணு" என்று ஜெஸ்ஸியின் மகள் ஷாரன் மூன்றாவது தடவையாகக் கை நீட்டினாள். இருபத்தோரு வயசுப் பெண், மாதாப்பூர் கால் சென்டரில் வேலை செய்கிறவள், சின்னப் பிள்ளை மாதிரி விரலை நக்கிக்கொண்டு நின்றாள். ஜெஸ்ஸியின் கோலா உருண்டை தாம்பாளத்தில் அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

"உங்களுது டெய்லி சாப்பிடுறதுதானே மம்மி" என்றாள் ஷாரன்.

எல்லாரும் கேரம் ஆட உட்கார்ந்த பிறகு ஜெஸ்ஸி சமையலறையில் தனியாக நின்று ஒரு உருண்டையை வாயில் போட்டாள். நன்றாக இல்லை என்று இருந்திருந்தால் அன்றைக்கே அவள் மனது ஆறியிருக்கும். நன்றாக இருந்தது. பஞ்சு மாதிரி இருந்தது. மெல்லவே வேண்டியிருக்கவில்லை. இன்னும் ஒன்று எடுக்கலாமா என்று கை போனது. அந்தக் கையின்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அதற்குப் பிறகு ஈஸ்டர், எதிர்வீட்டு செல்லம்மாவின் பேத்தி பிறந்தநாள், சர்ச் வருடாந்திர விருந்து என்று எல்லா இடத்திலும் அந்தச் சட்டி வந்தது. செல்லம்மாகூட, "ஜெஸ்ஸி, உன் ஓர்ப்படி எப்ப வருவா? அந்த இனிப்புக் கோலா கொண்டாருவாளா?" என்று கேட்டாள். கோலா! பேரையும் அல்லவா எடுத்துக்கொண்டாள்! ஜெஸ்ஸி சிரித்த முகமாகவே பதில் சொன்னாள். வீட்டுக்கு வந்து, ஜாமைக் கொட்டிக் கறி செய்வதெல்லாம் ஒரு சமையலா என்று டேனியலிடம் அரைமணி நேரம் பேசினாள். அவன் பேப்பரைப் புரட்டிக்கொண்டே, "விடு ஜெஸ்ஸி, சின்னப் பொண்ணு" என்றான். சின்னப் பெண் என்பதும் சேர்ந்து எரிந்தது.

2007 நவம்பரில் ஷாரனுக்கு நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு குண்டக்கல், அவர்களும் ரயில்வே குடும்பம். ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில் மத்தியானச் சாப்பாட்டோடு விழா. என்னென்ன பலகாரம் என்று ஜெஸ்ஸி பட்டியல் போடும்போது ஷாரன் எட்டிப் பார்த்தாள்.

"மம்மி, சித்தியோட மீட்பால்ஸ் வேணும். நான் சொல்லிட்டேன் அவங்களுக்கு."

"கோலா நான் செய்யறேனே?"

"ஹவ், ஆமா, நீங்க செய்யுங்க. ஆனா அதுவும் வேணும். அவருக்கு ரொம்பப் புடிக்கும்னு சொன்னாரு."

மாப்பிள்ளைப் பையனுக்கு அது எப்போது கிடைத்தது என்று ஜெஸ்ஸி கேட்கவில்லை. ஷாரன் டிபன் டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்திருப்பாள். தாய் செய்த கோலாவைக் கொண்டுபோக அந்தப் பெண்ணுக்குத் தோன்றவில்லை.

விழா அன்று காலை ஏழு மணிக்கே ஸ்மிதா வந்துவிட்டாள். உருண்டைகளும் குழம்பும் நிறைந்த சட்டியைச் சமையல் மேடையில் வைத்தாள். பக்கத்தில் இரும்புப் பெட்டியை வைத்தாள். கீழே கார் ஹாரன் அடித்தது. ஷாரனை பியூட்டி பார்லருக்குக் கூட்டிப் போக வேண்டும்.

"அக்கா, எட்டு மணிக்கு ஆன் பண்ணிடுறீங்களா? அத்தான் வந்து மாட்டித் தருவாரு" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

டேனியல் ஹாலில் நாற்காலி போடப் போயிருந்தான். வீட்டில் ஜெஸ்ஸி மட்டும். அடுப்பில் அவளுடைய எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. முதல் ஈடு கோலாவை எடுத்து வைத்தாள். மணி எட்டானது. சட்டியைப் பார்த்தாள். அமெரிக்கப் பிளக்கின் தட்டைக் கால்கள் நம் சுவர் ஓட்டையில் போகாது. அவள் முன்னறைக்குப் போனாள். மொபைல் சார்ஜருக்காக வைத்திருந்த மல்டி பிளக்கைக் கழற்றி எடுத்து வந்தாள். அதைச் சுவரில் செருகினாள், அதில் சட்டியின் பிளக்கைச் செருகினாள், ஸ்விட்சைப் போட்டாள். இரும்புப் பெட்டி சும்மா கிடந்தது. திரும்பி நின்று அடுத்த ஈட்டை எண்ணெயில் விட்டாள்.

சட்டி முதலில் முனகியது. பிறகு குழம்பு கொதிக்கிற சத்தம் வந்தது. அந்தச் சட்டி அப்படிக் கொதிக்கவே கூடாது. கொஞ்ச நேரத்தில் ஜாம் கருகும் வாசனை, அதன்மேல் ரப்பர் எரிகிற நாற்றம், டப்பென்று ஒரு வெடிப்பு. வீடு முழுக்க மின்சாரம் போனது. சட்டிக்குள் இருந்த பீங்கான் பாத்திரம் விளிம்பிலிருந்து அடிவரை விரிசல் விட்டு, சிவப்புக் குழம்பு மேடையில் வழிந்து தரையில் சொட்டியது.

எதிர்வீட்டிலிருந்து செல்லம்மா ஓடி வந்தாள். டேனியல் வந்தான். பார்லரிலிருந்து ஸ்மிதாவும் ஷாரனும் வந்தார்கள். "எனக்கு என்ன தெரியும்? ஆன் பண்ணச் சொன்னா, பண்ணினேன்" என்றாள் ஜெஸ்ஸி. டேனியல் மல்டி பிளக்கைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். பியூஸைச் சரிசெய்யப் போனான்.

ஸ்மிதா விரிசல் விட்ட பாத்திரத்தை ஒருதரம் தொட்டுப் பார்த்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. அழவில்லை. "அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு என்னுது. சரியா சொல்லிட்டுப் போகல" என்றாள்.

அன்றைக்கு ஜெஸ்ஸியின் கோலாவுக்குப் போட்டியே இல்லை. இரண்டு தாம்பாளமும் காலி. சம்பந்தியம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படி ஒரு கோலா நான் சாப்பிட்டதே இல்ல" என்றாள். பதினோரு மாதமாக ஜெஸ்ஸி ஏங்கிய வார்த்தை. அதைக் கேட்டு நெஞ்சு நிமிர்வதற்குள் பக்கத்து வரிசையில் ஸ்மிதாவின் குரல் கேட்டது. மீட்பால்ஸ் எங்கே என்று மாப்பிள்ளைப் பையன் கேட்டிருப்பான் போலிருக்கிறது.

"இல்லப்பா, கரண்ட் மாத்திப் போட்டாங்க. பாவம், அக்காவுக்கு இந்த மிஷின்லாம் பழக்கமில்ல. அவங்க அதிகம் படிக்கல பாருங்க, அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

சுற்றி இருந்தவர்கள் இரக்கமாகத் தலையாட்டினார்கள். ஷாரனும் ஆட்டினாள். எலக்ட்ரீஷியன் பெண்டாட்டி, இருபத்துமூன்று வருஷமாக வீட்டு பியூஸை டேனியல் இல்லாதபோது தானே போடுகிறவள், காது மடல் சூடேற நின்றாள். கெட்டவள் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள்.

சாப்பாடு முடிந்து, ஹாலின் பின்பக்கக் குழாயடியில் ஸ்மிதா பாத்திரங்களை அலசிக்கொண்டிருந்தபோது ஜெஸ்ஸி போய் நின்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன அக்கா?"

"அந்தப் பெட்டி இல்லாமப் போட்டா எரிஞ்சுடும்னு தெரியும். போன கிறிஸ்துமஸுக்கே அவரு சொன்னாரு. மல்டி பிளக்கைத் தேடி எடுத்துட்டு வந்து போட்டேன்."

ஸ்மிதா குழாயை மூடினாள்.

"கைக்கு அக்கா?" என்று ஹைதராபாத் பேச்சில் கேட்டாள். "ஏன்?"

"எல்லாரும் உன்னுதையே சாப்பிட்டாங்க" என்றாள் ஜெஸ்ஸி. சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவளுக்குக் கேட்டது. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஸ்மிதா ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "ஓஹையோல முதல் வருஷம் எனக்கு வேலை பார்க்க விசா இல்ல. வெளிய பனி. இவரு காலையில போனா ராத்திரிதான் வருவாரு. அந்தச் சட்டிய ஆன் பண்ணி வெச்சா மத்தியானம் வீட்டுல வாசனை வரும். வேற யாரோ உள்ள சமைக்கிற மாதிரி இருக்கும். அதுக்காகத்தான் தினம் போடுவேன்." அலசிய பாத்திரத்தைக் கையில் எடுத்தாள். "எனக்கு வேற எதுவும் சமைக்க வராது அக்கா. இந்த ஒண்ணுதான்."

அதோடு போய்விட்டாள். அதன்பின் ஒரு மாதம் போன் இல்லை. கிறிஸ்துமஸுக்கு எட்வின் மட்டும் வந்தான்.

ஜனவரியில் கல்யாணம். பத்திரிகை கொடுக்க டேனியலைக் கூப்பிடாமல், ஜெஸ்ஸி தனியாக ரயிலேறி ஹைடெக் சிட்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, இரண்டு தடவை வழி தவறிக் கொண்டாப்பூர் போனாள். ஸ்மிதா கதவைத் திறந்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை, வழியை மறிக்கவும் இல்லை. ஜெஸ்ஸி சோபா நுனியில் உட்கார்ந்தாள்.

"புதுச் சட்டி வாங்கித் தரலாம்னு செகந்திராபாத் முழுக்கத் தேடினேன். கிடைக்கல. அடுப்புலயே, சின்னத் தீயில வெச்சா வராதா? நான் பக்கத்துல நின்னு கிளறித் தரேன். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி."

"அடி பிடிக்கும்."

"பிடிக்க விடமாட்டேன்."

ஸ்மிதா பத்திரிகையை வாங்கிப் பிரித்து, மேஜைமேல் வைத்தாள். "மூணு மணி நேரம் நிக்கணும்" என்றாள்.

கல்யாணத்தன்று ஜெஸ்ஸி அண்டாவைக் கிளறிக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றாள். ஸ்மிதா ருசி பார்த்து இன்னும் புளிப்பு என்றபோது புளித்தண்ணீர் விட்டாள், போதும் என்றபோது நிறுத்தினாள். பந்தியில் வைத்ததும் பிள்ளைகள் மறுபடி அந்தப் பக்கமே ஓடினார்கள். சம்பந்தியம்மா ஸ்மிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். ஜெஸ்ஸிக்கு அதே எரிச்சல் கிளம்பியது, கொஞ்சமும் குறையாமல். அவள் அதை அடக்கவும் முயலவில்லை. தன் கோலாத் தட்டை எடுத்துக்கொண்டு போய், ஸ்மிதாவின் அண்டாவுக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.