நஞ்சுண்டனின் முதல் ஓட்டு

மளிகைப் பட்டியலில் ‘கறிவேப்பிலை’ என்று எழுதுவதற்கு முன்பே நஞ்சுண்டனுக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. தாளின் தலையில் அவர் கை தன் பாட்டுக்கு ஒரு பிள்ளையார் சுழியைப் போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்திருந்தது. எழுபத்திரண்டு வயதில் இது அதிசயமில்லை. எந்தத் தாளைத் தொட்டாலும் அந்தக் கை முதலில் செய்யும் வேலையே அதுதான். ஆனால் நேற்று சாயங்காலம் இதே மேசையில், இதே பேனாவால், அவர் இன்னொரு தாளிலும் எழுதியிருந்தார்.

நிமிர்ந்து சாமி அலமாரியைப் பார்த்தார். வெங்கடாசலபதி படத்துக்கு முன்னால் அவருடைய தபால் ஓட்டு உறைக்குள் இருந்தது. ஒட்டி, கையெழுத்துப் போட்டு, குங்குமச் சிமிழ் பக்கத்தில் சாய்த்து வைத்த உறை. நாளைக்குத் தபாலில் சேர வேண்டும்.

“வசந்தா... நேத்து அந்த ஓட்டுச் சீட்டுல நான் சுழி போட்டனா?”

வசந்தாமணி பீர்க்கங்காய் தோலைச் சீவிக்கொண்டே சொன்னாள். “எனக்கென்னங்க தெரியும்? என்ரதை நீங்க பாக்கக்கூடாதுன்னு நான் திரும்பி உக்காந்துட்டனே. ஆனா நீங்க சுழி போடாம எந்தக் காயிதத்துல எழுதியிருக்கறீங்க? போன ஏப்ரல்ல டாக்ஸ் பாரத்துலயே போட்டு மாப்பிள்ளை தலையில அடிச்சுக்கிட்டாரே!”

நஞ்சுண்டன் உறையை எடுத்து ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்தார். இப்படி, அப்படித் திருப்பினார். நியூஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சரில் அக்டோபர் வெயில் பிரகாசமாகத்தான் இருந்தது. உறை அதைவிடக் கெட்டி.

வேறு யாராவது என்றால் போனால் போகிறது என்று விட்டிருப்பார்கள். நஞ்சுண்டனால் முடியாது. அந்தியூரில் கணக்கு வாத்தியாராக இருந்த முப்பத்தைந்து வருஷத்தில் பதினான்கு தேர்தல் நடத்தியவர் அவர். பெட்டி தூக்கி, மை வைத்து, சீல் அடித்து, சீல் நம்பரைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து, விடிய விடிய எண்ணி, ஊர் உலகத்தையெல்லாம் ஓட்டுப் போட வைத்தவர். தான் மட்டும் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. ஒவ்வொரு முறையும் டியூட்டி வேறு ஊரில். தபால் ஓட்டுக்கு ஒருதரம் படிவம் எழுத மறந்தார், ஒருதரம் மஞ்சள் காமாலையில் படுத்தார், மற்றபடி அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். ரிட்டயரான கையோடு மகள் வான்மதியின் பிரசவத்துக்கு என்று விமானம் ஏறியவர் இங்கேயே தங்கிவிட்டார். கிரீன் கார்டு, அப்புறம் ஐந்து வருஷம், அப்புறம் கையை உயர்த்திச் சத்தியம். போன மார்ச்சில்தான் குடியுரிமை வந்தது.

நியூஜெர்சியில் இந்த நவம்பரில் கவர்னர் தேர்தல் என்று கேள்விப்பட்டபோது அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. “கவர்னருக்கே எலெக்‌ஷனா? நம்மூர்ல டெல்லியிலிருந்து பொட்டியக் கட்டிட்டு வந்து எறங்குவாங்க. இங்க வீடு வீடாப் போய்க் கும்புடு போடோணுமா!” பிறகு இரண்டு வாரம் இரு வேட்பாளர்களின் வரிக் கொள்கை, ரயில் கட்டணம், மின்சாரக் கட்டணம் எல்லாவற்றையும் கோடு போட்ட நோட்டில் எழுதி ஆராய்ந்தார். வசந்தாமணி ஒன்றும் ஆராயவில்லை. ஐந்தே நிமிஷத்தில் ஒரு பெயருக்கு நேரே இருந்த வட்டத்தைக் கறுப்பாக்கி உறையை ஒட்டிவிட்டாள். யாருக்கு என்று கேட்டால், “ரகசிய ஓட்டுன்னு நீங்கதான சொன்னீங்க” என்று வாயை மூடிக்கொண்டாள்.

கடைசியில் நஞ்சுண்டன் கத்தரிக்கோலை எடுத்து உறையைத் திறந்தார். கவர்னர் என்ற தலைப்புக்கு மேலே, நடுநாயகமாக, கன கச்சிதமாக வீற்றிருந்தது சுழி.

“ஒயிட்னர் எடுத்தாரட்டுங்களா?” என்றாள் வசந்தாமணி.

“அடிப் பாவி! அது இன்னும் மோசம்.”

மாடியிலிருந்து இறங்கி வந்த வான்மதி தாளைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். “அப்பா, இட்ஸ் ஓகே. சின்ன மார்க்தானே. வேற கவர்ல போட்டு மெயில் பண்ணிடலாம். யாரும் நோட்டீஸ் பண்ண மாட்டாங்க.”

“நான் பண்ணியிருக்கறனே, சாமி.”

அவர் குரலில் என்னவோ இருந்தது. வான்மதி சிரிப்பை நிறுத்தினாள்.

“ஒரு பஞ்சாயத்து எலெக்‌ஷன்ல எண்ணிட்டிருக்கோம். ஒரு சீட்டு, சின்னத்து மேல முத்திரை சுத்தமா விழுந்திருக்குது. ஆனா மேல ஒரு சுழி. யாரோ என்னாட்டப் பழக்கக்காரன். ஏஜென்ட் கெஞ்சறான், ‘வாத்தியாரே, சாமி குறிங்க, விட்டுருங்க’ன்னு. அடையாளம் போட்ட சீட்டு செல்லாதுன்னு நாந்தான் ஒதுக்கித் தள்ளுனேன். இப்ப என்ரதை மட்டும் யாரும் பாக்காம இருக்கோணும்னு நெனைக்கறதா?”

வான்மதி மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு போன் செய்தாள். அரை மணி நேரம் இசை கேட்டபின் லைனில் ஒரு பெண் வந்தாள். குறியை என்ன செய்வார்கள் என்று தன்னால் சொல்ல முடியாது. அந்தச் சீட்டை அனுப்பாமல், தேர்தலன்று நேரில் வந்து தற்காலிகச் சீட்டில் போடலாம். தபால் ஓட்டு வரவில்லை என்று சரிபார்த்த பிறகே எண்ணுவோம் என்றாள்.

“அப்படின்னா ரிசல்ட் வந்ததுக்கு அப்புறம்தான் உங்க ஓட்டை எண்ணுவாங்கப்பா. யார் வின் பண்ணாங்கன்னு அன்னிக்கே டிவில வந்துடும். வொர்த் இட்டா?”

“எண்ணுவாங்கல்ல?”

“எண்ணுவாங்க.”

“அது போதும்.”

செவ்வாய்க்கிழமை காலை, தீயணைப்பு நிலையத்தில் ஓட்டுச்சாவடி. வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மேசை போட்டிருந்தார்கள். நஞ்சுண்டன் சலவை வேட்டி, முழுக்கைச் சட்டை, அதன்மேல் குளிர்கோட்டு. ஏற்கெனவே ஓட்டை அனுப்பிவிட்ட வசந்தாமணியும் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, “உங்க கைய நம்ப முடியாதுங்க. காவலுக்கு” என்றாள்.

வரிசையில் நிற்கும்போது அவர் விரல்கள் கோட்டுப் பைக்குள் சுழி போட்டுக்கொண்டே இருந்தன. வசந்தாமணி காதோரம் சொன்னாள்: “எடது கைய மேல வெச்சு அழுத்திப் புடிச்சுக்குங்க. சோத்துக் கை போறதுக்கு எடமே குடுக்காதீங்க.”

அப்படியே செய்தார். மறைப்புப் பலகைக்குப் பின்னால், தாளின் மேல்பாதியை இடது உள்ளங்கையால் மூடிக்கொண்டு, குனிந்து, வட்டத்தை ஓரம் பிசகாமல் கறுப்பாக்கினார். இரண்டு முறை ஊதிக் காயவைத்தார். உறையில் போட்டு ஒட்டிக் கையெழுத்திட்டு வந்தபோது கழுத்தெல்லாம் ஈரம்.

மேசையில் இருந்த வெள்ளைத்தலை அம்மாள், “ஃபர்ஸ்ட் டைம்?” என்று கேட்டாள்.

“யெஸ், மேடம். ஃபர்ஸ்ட் டைம்.”

அவள் எழுந்து, “ஃபர்ஸ்ட் டைம் வோட்டர்!” என்று கூவினாள். ஊழியர்களும், வரிசையில் நின்றவர்களும், காபி வைத்திருந்தவர்கள்கூடக் கோப்பையை இடுக்கிக்கொண்டு, கைதட்டினார்கள். வசந்தாமணியும் தட்டினாள். நஞ்சுண்டன் யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் மேசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அந்த அம்மாள் தற்காலிக ஓட்டுகளுக்கான ஆரஞ்சு நிறப் பையை அவர் பக்கம் திருப்பினாள். உறையை அதன் வாய்க்குள் நுழைத்தார். ஆனால் நகரவில்லை. பையின் ஓரத்தில் பூட்டியிருந்த பிளாஸ்டிக் சீலைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

“மேடம், சீல் நம்பர்... ஃபோர், செவன், ஜீரோ...”

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு தன் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, பதிவேட்டைப் புரட்டி, விரலை வைத்தாள். “கோ அஹெட், சார்.”

அவர் ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிதானமாகப் படித்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக்கொண்டே வந்தாள். பின்னால் வரிசை வாசலைத் தாண்டி, சிவப்பு வண்டிகள் வரை நீண்டிருந்தது.